கட்டி உள்ளேயே இருந்த ஆறு மாதம்

"முதல்ல அதை வெட்டி எடுத்துடுங்க டாக்டர். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

மார்பகப் புற்றுநோய்க்காக சர்ஜனின் அறையில் உட்கார்ந்ததும் நான் சொன்னது இதுதான். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப வெட்டினா முழுசா எடுத்தேன்னு என்னால சொல்ல முடியாதும்மா. தோல் வரைக்கும் வந்திருக்கு. முதல்ல கீமோ. ஆறு மாசம் கழிச்சு ஆபரேஷன்."

ஆறு மாதம்! அதுவரை இது என் உடம்புக்குள்ளேயே இருக்குமா? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் என் கணவருக்கும் வரவில்லை என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டியை நான் எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வலி இல்லை. வலி இல்லாதது நோயாக இருக்காது என்று நம்ப விரும்பினேன். மார்பின் தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போலக் குழிகுழியாக மாறியபோதுதான் தங்கையிடம் காட்டினேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "கிளம்புக்கா" என்று மட்டும் சொன்னாள். மருத்துவமனையில் அளந்தபோது கட்டி 7 செ.மீ. இருந்தது. அக்குளில் நெறிகள் (நிணநீர்க் கணுக்கள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கொத்தாக இருந்தன. 3பி நிலை என்றார்கள்.

ரிப்போர்ட்டில் 'அட்வான்ஸ்டு' என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். "முத்திப்போச்சாம்" என்று உறவினர்களும் பேசத் தொடங்கினார்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் இருந்த 'லோக்கலி' என்ற இன்னொரு சொல்லை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அந்த இடத்தளவில் முற்றியது என்பதுதான் அதன் பொருள். கட்டி பெரிதாகியிருக்கிறது, தோலையோ மார்புச் சுவரையோ அக்குள் நெறிகளையோ பிடித்திருக்கிறது. ஆனால் நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளைக்குப் போகவில்லை. அப்படித் தொலைவுக்குப் போயிருந்தால் அது 4ஆம் நிலை. 3ஆம் நிலையில் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இந்தச் சொல் இருந்தால், வீட்டுக்கு வந்து அழுவதற்கு முன்னால் அங்கேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: "பரவியிருக்கா, இல்ல இந்த இடத்துலதான் இருக்கா?" எனக்கு உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் (PET) ஸ்கேன் எடுத்து, தொலைவில் எங்கும் இல்லை என்று தெரிந்துகொள்வதற்குள் நான்கு நாள் நரகமாகக் கழிந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த நான்கு நாளின் கனம் பாதியாவது குறைந்திருக்கும்.

காத்திருந்தால் பரவிவிடாதா என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. புற்றுநோய் மருத்துவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய பி-18 என்ற ஆய்வில் 1,523 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆபரேஷனுக்கு முன்பும் மற்றதற்குப் பின்பும் அதே கீமோவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில் இருந்த பெண்கள். உயிர் பிழைத்திருப்பதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. முன்னால் கீமோ எடுத்தவர்களில் கூடுதலான பேருக்கு மார்பகத்தை முழுதாக அகற்றாமல் கட்டியை மட்டும் எடுக்க முடிந்திருக்கிறது. "கீமோ ரத்தத்துல போகுதும்மா. கட்டியில மட்டுமில்ல, கண்ணுக்குத் தெரியாம வேற எங்கயாவது ஒரு செல் போயிருந்தா அதையும் இன்னிக்கே தேடிப் போகும். சிகிச்சையைத் தள்ளிப் போடறோம்னு நெனைக்காதீங்க, தொடங்கிட்டோம்" என்றார். இன்னொன்றும் சொன்னார். கட்டியை வெட்டி எடுத்துவிட்டுக் கீமோ கொடுத்தால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வழியில்லை. உள்ளே இருந்தால் ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கலாம். அதுவரை எனக்கு எதிரியாக இருந்த அந்தக் கட்டி, அந்த நிமிடத்திலிருந்து சாட்சியாகவும் ஆனது.

முதல் டோஸுக்கு முன்னால் நடந்தவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் எவ்வளவோ அந்த இரண்டு வாரத்தைப் பொறுத்தே அமைந்தது.

தடித்த ஊசியால் சதையைத் துளி எடுக்கும் பயாப்சியில் புற்றுநோய் என்று தெரிந்தால் மட்டும் போதாது. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன், ஹெர்2 என்று புற்றுச்செல்லில் இருக்கக்கூடிய மூன்று ஏற்பிகளையும் பார்க்க வேண்டும். எந்த மருந்து பலிக்கும் என்பதை அவைதான் காட்டும். எனக்கு முதல் இரண்டும் இல்லை. ஹெர்2 மட்டும் '2+' என்று வந்தது. உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் முடிவுக்கு வர வேண்டும், ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். நான் கத்தினேன். "கட்டி வளந்துட்டே இருக்கு, நீங்க டெஸ்ட் டெஸ்ட்டுன்னு சொல்றீங்க" என்று அந்தப் பெண் டாக்டரிடம் குரல் உயர்த்திப் பேசியது இன்றும் உறுத்துகிறது. ஃபிஷ் பாசிட்டிவாக வந்தது. அதனால்தான் ஹெர்2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப் என்ற இரண்டு மருந்துகள் என் சிகிச்சையில் சேர்ந்தன. அந்த ஒன்பது நாளைப் பொறுக்காமல் இருந்திருந்தால் அவை எனக்குக் கிடைத்தே இருக்காது. ஹெர்2 '2+' என்று வந்தால் ஃபிஷ் முடிவைப் பார்க்காமல் நகராதீர்கள்.

இரண்டாவது, கிளிப். எள்ளளவு உலோகத் துண்டு ஒன்றை ஊசி வழியாகக் கட்டியின் நடுவிலும், நோய் பிடித்த ஒரு நெறியிலும் வைத்தார்கள். மருந்து நன்றாக வேலை செய்து கட்டி மறைந்துவிட்டால், அது எங்கே இருந்தது என்று சர்ஜனுக்கும் நோய்க்குறியியல் மருத்துவருக்கும் காட்டிக்கொடுக்க அதுதான் இருக்கும். கீமோ தொடங்கிய பிறகு நினைத்துக்கொண்டால் தாமதமாகிவிடலாம். என்னோடு வார்டில் இருந்த ஒரு அக்காவுக்கு வேறு இடத்தில் கிளிப் வைக்காமலே தொடங்கிவிட்டார்கள். கட்டி கரைந்த பிறகு அது இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பழைய ஸ்கேன்களை வைத்துக்கொண்டு தடுமாறினார்கள். "எனக்குக் கிளிப் வைக்கணுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தோலின் நிலையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. அந்தப் படம் எதற்கு என்பது ஆறு மாதம் கழித்துப் புரிந்தது. இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். எனக்குத் தரவிருந்த கீமோ மருந்தான டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் இரண்டும் இதயத்தின் பம்பு வலிமையைக் குறைக்கக்கூடியவை என்பதால் நடுவிலும் எடுத்தார்கள். பல் டாக்டரிடம் போய் ஒரு சொத்தைப் பல்லைச் சரிசெய்துகொண்டேன். எனக்கு வயது 43, ஒரு மகள் இருக்கிறாள், அதனால் இன்னொரு கேள்வி எழவில்லை. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள், கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றி முதல் டோஸுக்கு முன்பே பேசிவிட வேண்டும். எனக்கு இரண்டாவது டோஸுக்குப் பிறகு மாதவிலக்கு நின்றுபோனது.

திட்டம் இதுதான். டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நான்கு டோஸ். பிறகு வாரம் ஒரு முறை பாக்ளிடாக்ஸல், பன்னிரண்டு வாரம். அதோடு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஹெர்2 மருந்துகள்.

டாக்ஸோரூபிசின் சிவப்பு நிறம். அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர் சொல்லாத ஒன்று, அல்லது சொல்லியும் என் காதில் விழாத ஒன்று இருந்தது. கையில் ஊசி போட்ட இடம் எரியத் தொடங்கியது. கீமோ என்றால் எரியத்தான் செய்யும்போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர்தான் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இவளுக்கு ஏதோ செய்யுது, பாருங்க" என்றார். நர்ஸ் ஓடிவந்து உடனே மருந்தை நிறுத்தினார். இந்த மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே அரித்துவிடும். எனக்கு நல்லவேளையாகக் கசியவில்லை, ஊசி நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். "எரிஞ்சா, இறுக்கமா இருந்தா, அந்த செகண்டே கூப்பிடணும். பொறுத்துக்கவே கூடாதும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. பொறுத்துக்கொள்வதற்குப் பாராட்டு வாங்கியே வளர்ந்தவள் நான்.

இரண்டாவது டோஸுக்கு முன் நோயில்லாத பக்கத்தில், காறை எலும்புக்குக் கீழே, மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பதிக்கும் போர்ட் வைத்தார்கள். அதன்பின் ஊசி ஒரு பொருட்டாகவே இல்லை. வாந்திக்கான மாத்திரைகளை வாந்தி வருவதற்கு முன்பே, எழுதிக்கொடுத்த நேரத்தில் போட்டுக்கொண்டால் வாந்தி கட்டுப்பட்டது. ஆனால் அவற்றில் ஒன்றான ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும். முதல் சைக்கிளில் வாந்தியைவிட அதுதான் என்னை அழவைத்தது. அடுத்த முறை முதல் நாளே மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொண்டேன். பதினேழாம் நாள் முடி கொத்தாக வந்தது. முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டிருந்ததால் தலையணையில் கிடந்ததைப் பார்க்க அவ்வளவு பயமாக இல்லை. மூக்கின் உள்முடியும் கொட்டிவிடும் என்பது எனக்குத் தெரியாது. குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் தன்னால் சொட்டும். சளி பிடித்துவிட்டது என்று பயந்து இரண்டு நாள் வீணாகக் கவலைப்பட்டேன்.

இரண்டாவது டோஸ் முடிந்த பத்தாம் நாள் ராத்திரியை மட்டும் மறக்க முடியாது. வெள்ளணுக்கள் கீமோவுக்குப் பின் ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் மிகவும் குறைந்திருக்கும். பத்தரை மணிக்கு லேசாகக் குளிர்ந்தது. தெர்மாமீட்டர் 100.6 டிகிரி காட்டியது. பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டுக் காலையில் போகலாம் என்று மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். குளிர்பதனப் பெட்டியின் கதவில் தங்கை எழுதி ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது: "100.4 தாண்டினால் மாத்திரை போடாதே. கிளம்பு."

கிளம்பினோம். அவசரப் பிரிவில் கூட்டம். காய்ச்சல்தானே என்று வரிசையில் உட்காரச் சொன்னார்கள். நான் பேசாமல் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் போன பிறகு என் கணவர் கீமோ அட்டையை மேசைமேல் வைத்து, "கீமோ எடுத்துப் பத்து நாள் ஆச்சுங்க, காய்ச்சல் வந்திருக்கு" என்று உரக்கச் சொன்னதும் எல்லாம் மாறியது. ரத்தம் எடுத்தார்கள், ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 300தான் இருந்தது, மிகக் குறைவு. ஐந்து நாள் உள்ளே இருந்தேன். "காலையில வந்திருந்தா இதே மாதிரி பேசிட்டு இருப்போமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியாக வேண்டிய நிலை அது. உள்ளே நுழைந்ததும் பெயருக்கு முன்னால் சொல்ல வேண்டியது 'கீமோ' என்ற சொல்தான். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும், தொற்று உள்ளே பெருகிக்கொண்டேயிருக்கும். அடுத்த டோஸிலிருந்து மறுநாள் ஒரு ஊசி போட்டு வெள்ளணுக்களைத் தூக்கிவிட்டார்கள். இடுப்பும் நெஞ்செலும்பும் இரண்டு மூன்று நாள் குடைந்தன. அந்த ராத்திரிக்கு அது எவ்வளவோ மேல்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளிடம் மறைத்தோம். மறைத்தது இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு நாள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "அம்மா, அந்தக் கட்டி இன்னும் உள்ளயா இருக்கு?"

"இருக்கும்மா. சின்னதாகிட்டு இருக்கு."

"எவ்ளோ சின்னதா?"

அதன்பின் ஒவ்வொரு முறை டாக்டர் அளந்ததும் அவளுக்கு எண்ணைச் சொல்ல வேண்டும். அவள் காலண்டரில் எழுதிவைப்பாள். 7. பிறகு 5.5. நான்கு டோஸ் முடிந்தபோது 4. தோலின் குழிகள் மறையத் தொடங்கியிருந்தன. நானே தினமும் குளிக்கும்போது தடவித் தடவிப் பார்த்து, ஒரு நாள் குறைந்திருக்கிறது, மறுநாள் கூடியிருக்கிறது என்று பைத்தியமாகிக்கொண்டிருந்தேன். தடவுவதை நிறுத்தச் சொன்னார் டாக்டர். "அளக்கறது என் வேலை. ஒரே கை, ஒரே முறையில அளந்தாத்தான் கணக்கு." அந்த ஒரு கட்டளை எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது! சிலருக்குக் கட்டி குறையாமலும் போகும், அபூர்வமாக வளரவும் செய்யும். அப்படியானால் மருந்தை மாற்றுவார்கள், அல்லது ஆபரேஷனை முன்னால் கொண்டுவருவார்கள். அதற்காகத்தான் அளக்கிறார்கள்.

பாக்ளிடாக்ஸல் முதலில் இலகுவாகத் தெரிந்தது. பெர்டுசுமாபால் வயிற்றுப்போக்கு இருந்தது, சமாளித்துக்கொண்டேன். எட்டாவது வாரம் விரல்நுனி மரத்தது. ஒன்பதாவது வாரம் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று மீண்டும் மறைத்தேன். எட்டு மாதம் கட்டியை மறைத்தவள், எரிச்சலை மறைத்தவள், இதையும் மறைத்தேன். பத்தாவது வாரம் மாத்திரை அட்டையைப் பிரிக்க முடியாமல் நான் நிற்பதை நர்ஸ் பார்த்துவிட்டார். டாக்டர் கோபிக்கவில்லை. "நீங்க சொல்றதும் எனக்கு ஒரு டெஸ்ட் ரிசல்ட் மாதிரிதான்மா. அது தப்பா இருந்தா நான் குடுக்கற டோஸும் தப்பாகிடும்" என்றார். அளவைக் குறைத்துப் பன்னிரண்டையும் முடித்தார்கள். மரத்த விரல்கள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. முதல் வாரமே சொல்லியிருந்தால் இவ்வளவு மிஞ்சியிருக்குமா என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசி அளவெடுப்பில் டாக்டர் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஸ்கேனிலும் கட்டி தெரியவில்லை, கிளிப் மட்டும் புள்ளியாகத் தெரிந்தது. மகள் காலண்டரில் '0' போட்டு வட்டமிட்டாள். உடனே வீட்டில் பேச்சு தொடங்கியது. கரைந்துபோன பிறகு எதற்கு ஆபரேஷன்? பெரியவர்கள் பாசத்தில்தான் கேட்டார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சர்ஜன் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஸ்கேனுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. செல் செல்லா மிச்சம் இருக்கறதை மைக்ரோஸ்கோப் மட்டும்தான் சொல்லும்." தோலில் பரவாத பெரிய கட்டியாக இருந்து சுருங்கியிருந்தால் மார்பகத்தைக் காப்பாற்றியிருக்கலாம். எனக்குத் தோல்வரை வந்திருந்ததால் முழுவதும் எடுத்தே ஆக வேண்டும் என்றார். அதைக் கேட்டு நான் அழுதது கட்டிக்காக அல்ல, மார்புக்காக. அழ விட்டார். அவசரப்படுத்தவில்லை.

கடைசிக் கீமோவுக்கு நான்கு வாரம் கழித்து ஆபரேஷன். இரத்த அணுக்கள் மீள இடைவெளி வேண்டும், ஆனால் எட்டு வாரத்தைத் தாண்ட விடக் கூடாது. எடுத்த திசுவை எக்ஸ்ரே பிடித்து இரண்டு கிளிப்பும் வந்துவிட்டனவா என்று பார்த்துக்கொண்டார்களாம். காயத்தில் ஊறும் நீரை வடிக்கும் பை பன்னிரண்டு நாள் தொங்கியது. தோள் பயிற்சியை வலிக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் நாளில் தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் கதிர்வீச்சுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டியிருக்கும்.

ரிப்போர்ட் வந்தது. கட்டி இருந்த இடத்தில் 0.9 செ.மீ. அளவுக்கு உயிருள்ள புற்றுச்செல்கள் மிச்சம். பதினாறு நெறிகளில் ஒன்றில் நோய். மற்ற சிலவற்றில் நோய் இருந்து அழிந்த தழும்பு.

ஆறு மாதம் பட்டதெல்லாம் வீண் என்று நான் உடைந்துபோனேன். டாக்டர் அந்தத் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். முழுதாக அழிந்தவர்களுக்கு எதிர்காலம் இன்னும் நன்றாக இருக்கும் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் மிச்சம் இருப்பது தெரிந்ததால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்றார். கேத்தரின் என்ற ஆய்வின் முடிவு 2018 டிசம்பரில் வந்தது. என்னைப்போல ஹெர்2 நோயில் மிச்சம் இருந்த 1,486 பேரில் பாதிப் பேருக்கு டிராஸ்டுசுமாபையே தொடர்ந்தார்கள். மற்றவர்களுக்கு அதனோடு கீமோவை இணைத்துக் கட்டிய டிராஸ்டுசுமாப் எம்டான்சின் கொடுத்தார்கள். அவர்களில் நோய் திரும்புவதோ இறப்பதோ ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஹெர்2 இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. மிச்சம் இருந்தால் கேப்சிடபைன் மாத்திரை உதவுகிறது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. மூன்று ஏற்பிகளும் இல்லாதவர்களுக்கு அதனால் கிடைத்த பலன் கூடுதல். "முதல்லயே வெட்டியிருந்தா இந்த 0.9 நமக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

எனக்கு அந்த டிராஸ்டுசுமாப் எம்டான்சின், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பதினான்கு டோஸ். கதிர்வீச்சும் கூடவே. நெறிகள் பெரும்பாலும் சுத்தமாகிவிட்டனவே, கதிர்வீச்சு தேவையா என்று கேட்டேன். நோய் தொடங்கியபோது எந்த நிலையில் இருந்தது என்பதையும் வைத்துத்தான் முடிவெடுப்போம் என்று, என் பழைய தோல் படத்தையும் முதல் ஸ்கேனையும் திரையில் போட்டுக் காட்டினார் கதிர்வீச்சு மருத்துவர். முதல் ரிப்போர்ட், முதல் படம், முதல் ஸ்கேன் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, போகும் இடமெல்லாம் எடுத்துப்போங்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், "அம்மா, நான் போட்ட 0 தப்பா?"

"தப்பு இல்லடா. அது வெளியிலேருந்து பாத்த கணக்கு. உள்ள 0.9 இருந்துச்சு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். வட்டமிட்ட 0வை அடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் சின்னதாக 0.9 என்று எழுதி, 'எடுத்தாச்சு' என்று போட்டாள். கீழே பதினான்கு கட்டங்கள் வரைந்தாள். நேற்று ஆறாவது கட்டத்தை நிரப்பியிருக்கிறாள்.